பேட்டரி செத்தும் பிழைத்த முஸ்தபா

அன்பான சீனியர் அண்ணன்மாரே, அக்காமாரே, என் பேட்ச் தோழர்களே, இப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் (அல்லது கட் அடித்துவிட்டு கேன்டீனில் உட்கார்ந்திருக்கும்) தம்பி தங்கைகளே!

"மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேணும்" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். கல்லூரி தோன்றிய வரலாறு, முதல் முதல்வர், முதல் பேட்ச் என்று எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். அதை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட சரித்திரம் கொஞ்சம் விளையாட்டுத்தனமானது. பழைய வீடியோ கேம்கள் எப்படி அழியப் பார்த்தன, யார் காப்பாற்றினார்கள், இன்றைக்கும் உட்கார்ந்து ஆடத் தகுந்தவை எவை என்பதுதான் விஷயம். "எஞ்சினியர் பேசுற பேச்சா இது?" என்று கேட்காதீர்கள். முழுக்க முழுக்க எஞ்சினியர் சமாச்சாரம்தான் இது. கடைசியில் நம் கல்லூரி விஷயமும் ஒன்று இருக்கிறது. அதற்காகவாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

முஸ்தபாவைத் தெரியாதவர் உண்டோ?

நம்மில் பலருக்கு அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயரே தெரியாது. "முஸ்தபா கேம்" என்றால்தான் தெரியும். நாலு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, வழியில் வருகிற ரவுடிகளையும் டைனோசர்களையும் துவைத்துக் காயப்போட வேண்டும். பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது தொப்பிக்கார முஸ்தபாவை. ஆட்டத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அசல் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானில் ஒசாகா நகரத்து கேப்காம் கம்பெனி 1993-ல் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் 'ஜீனோசோயிக் டேல்ஸ்' சித்திரக்கதைதான் அதற்கு மூலம்.

இது கடையில் காசு போட்டு ஆடும் பெரிய எந்திரத்துக்காக எழுதப்பட்ட ஆட்டம். அந்தக் காலத்து வீட்டு வீடியோ கேம் பெட்டி எதற்கும் இது வெளிவரவில்லை. அப்படியானால் எங்கள் காலத்து ஹாஸ்டல் கம்ப்யூட்டர்களில் இது எப்படி ஓடியது? பிரவுசிங் சென்டரிலிருந்து பென் டிரைவில் ஏறி, அறை அறையாகக் கைமாறி, ஒரு ஃபோல்டராக வந்து சேர்ந்ததே, அது என்ன மாயம்?

அந்த ஃபோல்டருக்குள் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, கேப்காம் சர்க்யூட் போர்டின் ரோம் சிப்புகளில் இருந்த பைட்டுகளின் நகல். இன்னொன்று, அந்த போர்டைப் போலவே நடிக்கும் ஒரு புரோகிராம். இந்த நடிகருக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். எமுலேட்டர் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே ஒரு தலைமுறை அதைத் தினமும் ராத்திரி பயன்படுத்தியது.

8085 படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை

மைக்ரோப்ராசசர் லேபை மறந்திருக்க மாட்டீர்கள். 4100-லிருந்து ஆரம்பித்து ஹெக்ஸ் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி, கடைசியில் 76 போட்டு முடிப்போம். 76 என்றால் 'நில்'. 80 என்றால் 'பி ரெஜிஸ்டரில் இருப்பதை அக்குமுலேட்டரோடு கூட்டு'. சிப்பைப் பொறுத்தவரை உலகமே இப்படி எண்களின் வரிசைதான்.

இப்போது சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதுங்கள். அக்குமுலேட்டருக்கு ஒரு வேரியபிள், மற்ற ரெஜிஸ்டர்களுக்கு ஆளுக்கொன்று, மெமரிக்கு ஒரு அர்ரே. ஒரு லூப்பில் அடுத்த எண்ணைப் படி. 80 என்றால் கூட்டு. 76 என்றால் நில். மற்ற எண்களுக்கும் இப்படியே ஒரு பெரிய ஸ்விட்ச் ஸ்டேட்மென்ட். முடிந்தது! உங்கள் புரோகிராம் இப்போது ஒரு 8085. அசல் சிப்புக்கு எழுதிய எதைக் கொடுத்தாலும் அது ஓட்டும். எமுலேட்டரின் மூலக்கரு இவ்வளவுதான். அதற்குமேல் திரை, சத்தம், பொத்தான்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சரியான வேகம் ஆகியவற்றையும் நடித்துக் காட்ட வேண்டும். அங்கேதான் வருஷக்கணக்கில் உழைப்பு போகிறது.

இதற்கு நல்ல உதாரணம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. ஜப்பானின் டைட்டோ கம்பெனியில் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி 1978-ல் வெளிவந்தது. அதற்குள் இருப்பது இன்டெல் 8080, அதாவது நம் 8085-க்கு அண்ணன். புரோகிராம் மொத்தம் 8 கிலோபைட். திரையில் 55 வேற்றுக்கிரக ஜந்துக்கள். ஒரு வினாடிக்கு அறுபது முறை திரை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஜந்துதான் நகரும். ஐம்பத்தைந்தும் உயிரோடு இருக்கும்போது கூட்டம் ஆமை வேகத்தில் ஊர்கிறது. சுடச்சுட எண்ணிக்கை குறைகிறது, மிச்சமிருப்பவற்றின் முறை சீக்கிரம் சீக்கிரம் வருகிறது. கடைசி ஒற்றை ஜந்து தலைதெறிக்க ஓடுகிறது. ஆடுகிறவனுக்கு நெஞ்சு படபடக்கிறது. மெதுவான சிப்பின் இயலாமையே ஆட்டத்தின் சுவையாக மாறிவிட்டது! புதுக் கம்ப்யூட்டரில் பார்த்து எழுதிய நகலில் இந்தச் சுவை தானாக வராது. அசல் பைட்டுகளை அசல் போலவே ஓட்டினால் தானாக வரும். எமுலேஷன் ஏன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இத்தாலிக்காரர் செய்த புண்ணியம்

1997 பிப்ரவரி 5-ந் தேதி நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 'மேம்' என்ற புரோகிராமின் முதல் பதிப்பை வெளியிட்டார். பேக்-மேனும் அதே போர்டில் ஓடிய வேறு சிலவுமாகக் கையளவு ஆட்டங்களோடுதான் தொடங்கியது. பிறகு உலகெங்கும் இருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். பழைய எந்திரங்களைத் தேடிப் பிடிப்பவர், ரோம் சிப்பைக் கழற்றிப் படிப்பவர், சர்க்யூட்டை விரல் வைத்துத் தொடர்ந்து போகிறவர், புரோகிராம் எழுதுகிறவர் என்று ஒரு கூட்டம். சம்பளம் இல்லை, வாரக் கடைசியில் செய்த வேலை. இன்று ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் அதில் ஓடுகின்றன. 2016-ல் அது முழுமையான கட்டற்ற மென்பொருளாகவும் ஆனது.

மேம் குழுவினர் தங்கள் நோக்கத்தைச் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். பழைய எந்திரங்கள் எப்படி வேலை செய்தன என்று ஆவணப்படுத்துவதே குறிக்கோளாம். ஆட்டத்தை ஆட முடிகிறது என்பது கூடவே கிடைக்கும் லாபமாம். ஒவ்வொரு ரோம் சிப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். பாடபேதம் பார்த்து ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கும் புலவரின் கவனம்தான் இதுவும்.

தற்கொலை பேட்டரி

இனித்தான் கதையின் உச்சகட்டம். கேப்காம் கம்பெனியின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' 1991-ல் வந்து உலகை ஒரு கலக்குக் கலக்கியது. கூடவே திருட்டு போர்டுகளும் பெருகின. கம்பெனிக்குக் கோபம் வராதா? 1993-ல் வந்த சிபிஎஸ்-2 என்ற அடுத்த போர்டில் ஒரு பூட்டுப் போட்டார்கள். ரோம் சிப்பில் உள்ள கட்டளைகளை ரகசியக் குறியீடாக மாற்றி வைத்தார்கள். அதைத் திறக்கும் சாவி, பேட்டரியால் உயிர் பிழைக்கும் ஒரு சின்ன மெமரியில் இருந்தது. எவனாவது நோண்டினால் மின்சாரம் அறுந்து சாவி அழியும்; போர்டு பிணம்.

பாதுகாப்பு பிரமாதம். ஆனால் பேட்டரிக்கு ஆயுள் என்று ஒன்று உண்டே! யாரும் நோண்டாவிட்டாலும் சில வருஷங்களில் பேட்டரி தீரும், சாவி அழியும், திரையில் வெறும் வண்ணம் மட்டும் நிற்கும். காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய கடைக்காரரின் போர்டுக்கும் அதே கதிதான். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இதற்குத் 'தற்கொலை பேட்டரி' என்று பெயர் வைத்தார்கள். நம் முஸ்தபாவின் போர்டு இதற்கு முந்திய தலைமுறைதான் என்றாலும், அதிலும் சத்தத்தைக் கவனிக்கும் இசட்80 சிப்புக்கு இதே மாதிரி பேட்டரிப் பூட்டு இருந்தது.

பூட்டை உடைத்த கதை மூன்று அங்கங்கள் கொண்டது. 2001 தொடக்கத்தில் 'சிபிஎஸ்-2 ஷாக்' என்ற சிறு குழு, உயிரோடு இருக்கும் போர்டையே ஏமாற்றித் தன் கட்டளைகளைத் தானே பிரித்துச் சொல்ல வைத்தது. அதற்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சாகாத போர்டு ஒன்று வேண்டும். பேட்டரிக்கும் மனிதனுக்கும் நடந்த ஓட்டப்பந்தயம் என்று சொன்னால் மிகையாகாது. 2007-ல் ஆந்திரேயாஸ் நாய்வ் என்ற புனைபெயர்க்காரரும் அதே நிக்கோலா சல்மோரியாவும் குறியீட்டு முறையையே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். நான்கு சுற்று ஃபைஸ்டல் அமைப்புகள் இரண்டு, 64 பிட் சாவி. கிரிப்டோகிராபி பேப்பரில் டெஸ் படித்தவர்களுக்கு ஃபைஸ்டல் சொந்தக்காரர்தான். மூன்றாவது அங்கம் 2016-ல். எடுவார்டோ குரூஸ், ஆர்டெமியோ உர்பினா, இயான் கோர்ட் ஆகிய மூவர், செத்த போர்டுக்குள் சாவியை மறுபடி எழுதும் வழியைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் தெரியச் சொன்னார்கள். சின்ன ஆர்டுயினோ போர்டு இருந்தால் போதும். இருபது வருஷம் அலமாரியில் பிணமாகக் கிடந்த போர்டு எழுந்து உட்கார்ந்து "காசு போடு" என்றது!

பூட்டைப் போட்டவர்களும் எஞ்சினியர்கள். திறந்தவர்களும் எஞ்சினியர்கள். போட்டவர்கள் அடுத்த ஐந்து வருஷ வியாபாரத்தை நினைத்தார்கள். திறந்தவர்கள் அடுத்த ஐம்பது வருஷத்தை நினைத்தார்கள். நாம் டிசைன் செய்யும் எதிலும் இந்த இரண்டாவது கணக்கைப் போடுகிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

"இதெல்லாம் திருட்டு இல்லையா தம்பி?" என்று ஒரு சீனியர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எமுலேட்டர் வேறு, ஆட்டத்தின் நகல் வேறு. 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி சோனி பிளேஸ்டேஷனை மேக் கம்ப்யூட்டரில் நடித்துக் காட்டும் மென்பொருளை விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டர் எழுதுவதற்காக உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் படித்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. மறு வருஷமே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி மூடிவிட்டது. அது வேறு கதை. ஆட்டத்துக்கோ பதிப்புரிமை உண்டு. அனுமதியில்லாமல் நகலெடுத்துப் பரப்புவது சட்டப்படி குற்றம். ஹாஸ்டல் ஃபோல்டருக்கும் அதே சட்டம்தான்.

சிக்கல் எங்கே என்றால், காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் பல ஆட்டங்கள் விற்பனையிலேயே இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் கடையில் வாங்கக் கிடைக்காது. அதே 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்கு வெளியிலிருந்தே பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்று சொல்லிவிட்டது. விற்கவும் மாட்டார்கள், நூலகத்திலும் கிடைக்காது. பிறகு அடுத்த தலைமுறை எப்படித்தான் பார்ப்பது?

ஆறுதலான செய்தியும் உண்டு. கேப்காம் கம்பெனியே 2018-ல் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து விற்றது. அதில் 1997-ல் வந்த 'பேட்டில் சர்க்யூட்' 21 வருஷம் கழித்து முதன்முதலாக வீட்டுக்கு வந்தது. முஸ்தபா மட்டும் அந்தத் தொகுப்பில் இல்லை.

பெட்டியா, ஆட்டமா?

சேகரிப்பில் இரண்டு ஜாதி. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலம் ஒன்றில் 'சூப்பர் மரியோ 64' ஆட்டத்தின் உறை பிரிக்காத பெட்டி 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. வாங்கியவர் உறையைப் பிரித்தால் போட்ட பணம் போச்சு. ஆக, அதை ஆடாமல் இருக்கத்தான் அந்த விலை! பெட்டியைப் பாதுகாப்பதும் ஒரு தொண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் உறைக்குள் இருக்கும் சிப் காலத்துக்குக் கட்டுப்பட்டது. யாராவது படித்து, ஓட்டி, ஆடிப் பார்த்தால்தான் அந்த ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வீணையைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தால் ராகம் பிழைக்குமா?

என்ன ஆடலாம்?

இன்றும் அலுக்காதவை சிலவற்றைச் சொல்கிறேன். பட்டியல் சின்னதுதான்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பற்றி மேலே சொன்னேன். அடுத்து 1980-ல் நாம்கோ கம்பெனியில் தோரு இவாத்தானி படைத்த 'பேக்-மேன்'. நாலு பேய்களும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்புப் பேய் நேராக வரும். ரோஸ் பேய் நீங்கள் போகப்போகும் இடத்துக்கு முன்னால் போய் மறிக்கும். இது தெரிந்தபின் ஆடினால் ஆட்டமே வேறு. 256-வது கட்டத்தில் எட்டு பிட் கணக்கு நிரம்பி வழிந்து பாதித் திரை குப்பையாகிவிடும். ஓவர்ஃப்ளோ என்றால் என்ன என்று பாடம் நடத்த இதைவிட நல்ல படம் கிடையாது.

'டெட்ரிஸ்' 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. 1989-ல் வந்த அதன் நின்டெண்டோ பதிப்பை, எந்திரமே திணறி நிற்கும் அளவுக்கு முதன்முதல் ஆடிக் காட்டியது ஒரு 13 வயது அமெரிக்கச் சிறுவன், 2023 டிசம்பரில். 34 வருஷம் கழித்தும் ஒரு ஆட்டத்தில் புதுச் சாதனை மிச்சம் இருந்திருக்கிறது!

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985. மொத்தம் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைப்போலப் பல மடங்கு. மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள். ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. டி.வி.யில் செருகி ஆடும் பெட்டியும், 'இத்தனை ஆயிரம் ஆட்டம்' என்று பொய் சொன்ன கேசட்டும் நம் வீடுகளில் இருந்தனவே, அவை இந்த ஆட்டம் ஓடிய நின்டெண்டோ கருவியின் நகல்கள்தான்.

நண்பர்கள் கூடும்போது ஆட, கேப்காமின் 'ஷேடோ ஓவர் மிஸ்டாரா' (1996). நாலு பேர் சேர்ந்து ஆடலாம், போகும் பாதையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இருவர் சண்டை போட்டுக்கொள்ள 'சூப்பர் பசில் ஃபைட்டர் 2 டர்போ' (1996). பின்னதை கேப்காம் 2022-ல் வெளியிட்ட சண்டை ஆட்டத் தொகுப்பில் முறையாகவே வாங்கலாம். தற்கொலை பேட்டரி போர்டில் பிறந்தவை இரண்டும். அந்த ஆட்கள் பூட்டை உடைத்திராவிட்டால் செத்த போர்டுகளோடு இவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

நம் வீட்டுச் சமாச்சாரம்

ஜப்பான், இத்தாலி, அமெரிக்கா எல்லாம் சுற்றிவிட்டோம். இப்போது நம் கல்லூரிக்கு வருவோம்.

நீலத்திரை டர்போ சி ஞாபகம் இருக்கிறதா? கிராபிக்ஸ் ஹெடரைப் போட்டு, வட்டமும் சதுரமும் வரைந்து, மினி புராஜெக்ட் என்ற பெயரில் பாம்பு ஆட்டம், கார் ரேஸ், செங்கல் உடைக்கும் ஆட்டம் எல்லாம் பேட்ச் பேட்சாக எழுதினோமே! அவையும் வீடியோ கேம்கள்தான். உலகத் தரமா என்றால் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் நம் லேபில் உட்கார்ந்து தாமாக எழுதியவை. அவற்றை யார் காப்பாற்றினார்கள்?

அவை 16 பிட் புரோகிராம்கள். இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. 2002-ல் தொடங்கிய 'டாஸ்பாக்ஸ்' என்ற எமுலேட்டரில் ஓடும். பிற்காலத்துப் பேட்ச்கள் லேபில் டர்போ சி-யைத் திறந்ததே பல இடங்களில் அதற்குள்தான். ஆக, ஓட்டுவதற்கு வழி இருக்கிறது. ஓட்டப்பட வேண்டிய பைட்டுகள்தான் அழிந்துகொண்டிருக்கின்றன. பிளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். எழுதிய சி.டி.யின் சாயம் நாளாக ஆக மங்கும். புராஜெக்ட் ரிப்போர்ட்டின் பின் அட்டையில் ஒட்டிய சி.டி.க்கும் இதே கதிதான். தற்கொலை பேட்டரி கேப்காமுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் பரணிலும் அது சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டிருக்கிறது.

எனவே சங்கத்துக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள். அண்ணன்மாரே, அக்காமாரே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். பழைய பிளாப்பி, சி.டி., ஏன், பிரின்ட் அவுட்டாக இருந்தாலும் சரி, எடுத்து வாருங்கள். தம்பி தங்கைகளே, யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் ஒன்றை சங்கம் வாங்கித் தரட்டும். நீங்கள் அப்படியே பிம்பமாக நகலெடுங்கள், சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு அனுமதி வாங்கிவிட்டால் சட்டச் சிக்கலும் இல்லை. மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு இன்னொன்று: 8080-க்கு ஒரு எமுலேட்டர் எழுதுங்கள். நீங்கள் லேபில் படித்ததே முக்கால்வாசி போதும். மீதிக் கால்வாசியைப் படிக்கும்போது, நாலு வருஷம் படித்தது எதற்கு என்பது புரிந்துவிடும்.

அடுத்த சந்திப்பில் விருந்து, குரூப் போட்டோ, பழைய பாட்டு எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். கூடவே ஹாலின் மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, எந்தப் பேட்சோ எழுதிய பாம்பு ஆட்டத்தை ஓடவிடுவோம். எழுதியவர் வந்து, தன் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடட்டும்.

பரணில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள். ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். வயது யாருக்கும் குறையவில்லை!